வாலாட்டும் வரிகள்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டில் வளரும் ஒரு பிராணி, அதை வளர்க்கும் ஒரு பிள்ளை. இந்த இருவரையும் வைத்துப் பாட்டாகவே ஒரு படப்புத்தகம் செய்ய விரும்பும் வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கொருக்குப்பேட்டை வாசகி: எங்கள் நாய் மணியையும் என் மகளையும் வைத்து எழுதிய பாட்டு இது. எல்லா வரியும் ஒரே மாதிரிதான் முடிகிறது. ஆனாலும் வாய்விட்டுப் படித்தால் கட்டுரை மாதிரி கேட்கிறது. எங்கே குறை?

*மணி என்ற நாய் ஒன்று என்னிடம் இருக்கிறது*
*தினமும் காலையில் அது பிஸ்கட் தின்கிறது*
*நான் பள்ளிக்குக் கிளம்பும்போது வாலை ஆட்டுகிறது*
*நான் திரும்பி வருகிறவரை வாசலிலேயே படுத்துக் கிடக்கிறது*

உங்கள் நான்கு வரியிலும் ஒத்து வருவது 'கிறது' என்ற விகுதி மட்டும்தான். வினைச்சொல்லை வரிக் கடைசியில் வைத்தால் தமிழில் இந்த ஒற்றுமை தானாகவே வந்துவிடும். கேட்கிற பிள்ளைக்கு அதில் ஒரு சுவையும் இல்லை. நம் காது தேடுவது வரியின் தலைப்பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை, முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. இவை அமைந்த பிறகு கடைசியில் வரும் இயைபு அழகுக்கு அழகு சேர்க்கும். தனியாக நின்றால் அதற்குப் பலம் இல்லை.

அடுத்தது தாளம். கை தட்டிக்கொண்டே படித்துப் பாருங்கள். 'கிளம்பும்போது', 'வாசலிலேயே' போன்ற நீளச் சொற்களில் கை காத்திருக்க வேண்டியதாகிறது. வரிக்கு நாலு தட்டு, ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று எழுத்து. இந்த அளவு மீறாமல் இருந்தாலே பாட்டு ஓடும். இன்னொன்று: 'நாய் என்னிடம் இருக்கிறது' என்று நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. 'எங்க மணி' என்றாலே போதும், உறவு வந்துவிடும்.

*வாலை ஆட்டும் எங்க மணி*
*வாசல் காக்கும் தங்க மணி*
*பள்ளி மணி அடிக்கும் முன்னே*
*துள்ளி ஓடி நிக்கும் மணி*

வாலை–வாசல் மோனை. எங்க–தங்க, பள்ளி–துள்ளி எதுகை. பள்ளி மணியும் நாய் மணியும் ஒரே சொல்லாக இருப்பது உங்களுக்குத் தானாகக் கிடைத்த வரம். உங்கள் பாட்டில் அது பயன்படாமலே போயிருந்தது. பிஸ்கட்டைப் பாட்டிலிருந்து எடுத்துவிட்டோம். அது படத்தில், பாப்பாவின் கையில் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரிவதை வாயும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண்.

எதுகையில் அடிக்கடி சறுக்கும் இடங்கள் இரண்டு. முதல் எழுத்து குறிலென்றால் எதிரே வருவதும் குறிலாக இருக்க வேண்டும், நெடிலுக்கு நெடில். பட்டு–கட்டு சரி, பாட்டு–கேட்டு சரி, பட்டு–பாட்டு சேராது. அடுத்தது ல, ள, ழ. கிளிக்கும் புலிக்கும் எதுகை இல்லை. மோனையில் கொஞ்சம் தாராளம் உண்டு: ச-வுக்குத் த, ந-வுக்கு ஞ, ம-வுக்கு வ இனமாக வரும். உயிரெழுத்தில் அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம். இ, ஈ, எ, ஏ ஒரு குடும்பம். உ, ஊ, ஒ, ஓ ஒரு குடும்பம்.

தண்டையார்பேட்டை வாசகர்: கதையில் வரும் நாயின் பெயர் சீசர். எந்த வரியிலும் அதற்கு ஜோடி கிடைக்கவில்லை. 'உரிமையாளர்' என்ற சொல்லும் பாட்டில் உட்கார மறுக்கிறது. என்ன செய்யலாம்?

பெயரை மாற்றிவிடுங்கள். பிராணியின் பெயர் பத்துப் பக்கத்திலாவது வரும். அதற்கு எத்தனை எதுகை கிடைக்கும் என்று பெயர் வைக்கும் முன்பே எண்ணிப் பார்ப்பது நல்லது. சீசருக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ராஜாவுக்கு ரோஜா, கூஜா. டாமிக்கு சாமி, மாமி, பூமி. மணிக்கு துணி, பணி, அணி (ஏணியும் ஆணியும் நெடில், சேராது). ஜிம்மிதான் பெரிய பணக்காரர்: அம்மி, கும்மி, கம்மி, பம்மி, தும்மி, விம்மி.

*அம்மிக் கல்லு மறைவினிலே*
*பம்மிக் கெடக்கும் எங்க ஜிம்மி*
*காரம் மூக்கில் ஏறினதும்*
*தும்மித் தும்மி ஓடும் ஜிம்மி*

'உரிமையாளர்' பத்திரப் பதிவில் வரும் சொல். 'எஜமான்' என்றால் எதிரே ஒரு வேலைக்காரன் நிற்பான். நாய் வளர்க்கும் வீட்டில் காதுகொடுத்துக் கேளுங்கள்: 'அக்கா வந்துட்டா பாரு', 'அம்மாகிட்ட போ' என்றுதான் நாயிடம் பேசுவார்கள். புத்தகத்திலும் அந்தப் பெண்ணை ஜிம்மியோட அக்கா என்றே சொல்லுங்கள். அ-வில் தொடங்கும் சொல், மோனைக்கும் வசதி.

காசிமேடு வாசகி: எங்கள் வீட்டில் 'வந்துகினு கீது' என்றுதான் பேசுவோம். புத்தகத்தில் அப்படி எழுதலாமா? பள்ளிக்கூடத்தில் தப்பு என்பார்களோ?

எழுதலாம். தாளம் அந்தப் பேச்சிலேயே இருக்கிறது:

*வூட்டாண்ட குந்திகினு*
*ரோட்டாண்ட பாக்குது*
*பாட்டி போட்ட சத்தத்தைக்*
*கேட்டும் கேக்காம கீது*

நான்கு வரிக்கும் தலையில் 'ட்' எதுகை, நான்கிலும் முதல் எழுத்து நெடில். பண்டிதரும் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு எச்சரிக்கை. பாட்டி மட்டும் இந்தத் தமிழ் பேசி, கெட்டிக்காரப் பேத்தி புத்தகத் தமிழ் பேசுவதாக வைக்காதீர்கள். பாட்டியின் பேச்சு மட்டமானது என்ற பாடத்தைப் பிள்ளை அங்கேதான் கற்றுக்கொள்ளும். பாட்டு முழுவதும் இந்த மொழியில் இருக்கட்டும். இல்லையென்றால் பாட்டு பொதுவான பேச்சுத் தமிழில் ஓடட்டும்; படத்தில் உள்ள எல்லோரும், பேத்தி உட்பட, பேச்சுக் குமிழிகளில் வட்டார மொழி பேசட்டும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்காக, ஒரு சொல்லுக்குப் புத்தகம் முழுக்க ஒரே எழுத்து. 3-ஆம் பக்கத்தில் 'குந்திகினு', 9-ஆம் பக்கத்தில் 'குந்திக்கினு' என்று இருக்கக் கூடாது. ழகரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மழை–தழை என்று சுத்த எதுகையாக எழுதியிருந்தால் 'மய', 'தய' என்று படிக்கிற வாயிலும் ஜோடி கலையாது. மழை–வளை என்று ஒட்டுப்போட்டிருந்தால் அங்கே உடைந்துவிடும்.

பெரம்பூர் வாசகர்: 20 பக்கத்துக்குக் கதை எழுதிவிட்டேன். அச்சகத்தில் 24 ஆக்குங்கள் என்கிறார்கள். ஏன்? எந்தப் பக்கத்தில் எதை வைப்பது?

அச்சகம் சொல்வது சரி. 20 × 30 அங்குலத் தாளை மடித்தால் ஒரு பக்கத்துக்கு 8 என்று இரு பக்கமும் சேர்த்து 16 பக்கம் வரும். வெட்டியபின் அளவு 7¼ × 9½ அங்குலம், அதாவது கிரவுனில் கால் அளவு. படப்புத்தகத்துக்கு நல்ல அளவு, தாளும் வீணாகாது. 16 என்றால் ஒரு தாள், 24 என்றால் ஒன்றரைத் தாள், 32 என்றால் இரண்டு. 20-இல் நாலு பக்கம் ஒட்டுத்துண்டாகத் தொங்கும். சதுரப் புத்தகம் வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். வெட்டி எறியும் தாளுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

24 பக்கத்தை இப்படிப் பங்கிடலாம். 1 தலைப்பு, 2 பதிப்பு விவரம், 3-இல் கதை தொடங்கும். 4–5 முதல் 22–23 வரை பத்து இரட்டைப் பக்கங்கள். 24-இல் முடிவு. அட்டை தனி. ஆக உங்களுக்கு இருப்பது பன்னிரண்டு காட்சி. காட்சிக்கு நாலு குறுவரி என்றால் மொத்தம் 48 வரி, 150 முதல் 200 சொல்லுக்குள் அடங்கிவிடும். மூன்று வயதுப் பிள்ளை மடியில் உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு அதுவே நிறைவு.

நடுப்பின் அடிக்கும் புத்தகத்தில் 12–13 மட்டும்தான் ஒரே தாளில் முழுசாக வரும். அதனால் பெரிய படத்தை, கடலையோ மொட்டை மாடி வானத்தையோ, அங்கே வையுங்கள். மற்ற இரட்டைப் பக்கங்கள் வெவ்வேறு தாள்கள் சேர்ந்து நிற்பவை. மடிப்பில் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கும். வாலோ சுவரோ குறுக்கே போனால் கண்ணில் படாது. நாயின் முகம் போனால் கண் இரண்டும் ஏறுமாறாகிவிடும்.

வியாசர்பாடி வாசகர்: மொட்டை மாடியில் புறா வளர்க்கும் பையன்தான் என் கதாநாயகன். ஓவியர் வேறு ஊர்க்காரர், புறாவைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. அவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?

நல்ல கேள்வி. உங்கள் பகுதிப் பிள்ளைகள் புறா விஷயத்தில் ஏமாற மாட்டார்கள். தப்பான படத்தை முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

காலில் முன்பக்கம் மூன்று விரல், பின்பக்கம் ஒன்று. தண்ணீர் குடிக்கும்போது கோழி மாதிரி தலையைத் தூக்காது. அலகை முக்கி ஒரே இழுப்பாக உறிஞ்சும். முட்டை பெரும்பாலும் இரண்டு, ஒன்று இட்டு ஒருநாள் விட்டு அடுத்தது. அடைகாப்பது இருவரும்: முற்பகலிலிருந்து சாயங்காலம் வரை ஆண், மற்ற நேரம் பெண். சுமார் 18 நாளில் பொரிக்கும். குஞ்சு மஞ்சள் ரோமத்தோடு, கண் மூடி, அலகு மட்டும் பெரிதாக இருக்கும். கோழிக்குஞ்சு மாதிரி பொசுபொசு உருண்டையாக வரைந்தால் அது புறாவே இல்லை. முதல் சில நாள் தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் சுரக்கும் பாலைத்தான் ஊட்டும். தானியம் பிறகு. குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்க நாலைந்து வாரமாகும்.

ஆக இன்று முட்டை, அடுத்த பக்கத்தில் பறக்கும் குஞ்சு என்று வைக்க முடியாது. நாள் போவதைப் பாட்டில் சொல்லவும் வேண்டாம். சுவரில் ஒரு தினசரிக் காலண்டரை மாட்டச் சொல்லுங்கள். பக்கம் புரளப் புரளக் காலண்டர் மெலியட்டும். பையன் கையில் கிழித்த தாளில் கம்பு, சோளம் கட்டியிருக்கட்டும். படிக்கத் தெரியாத பிள்ளை தானாகக் கண்டுபிடித்துக் காட்டுகிற விஷயம் இதுதான்.

*மொட்டை மாடிக் கூட்டுக்குள்ளே*
*முட்டை ரெண்டு கெடக்குது*
*கிட்டப் போயிப் பார்த்த தம்பி*
*எட்டு வைக்கத் தயங்குது*

இந்த நாலு வரியையும் ஒரே பக்கத்தில் போட்டால் பாதிப் பலன்தான். முதல் மூன்றை வலப்பக்கத்தின் கீழே நிறுத்துங்கள். நாலாவது பக்கம் திருப்பிய பிறகு வரட்டும். மொட்டை, முட்டை, கிட்ட என்று கேட்ட பிள்ளைக்கு அடுத்து வரும் சொல்லின் சத்தம் முன்கூட்டியே தெரிந்துவிடும். அது 'எட்டி', 'தட்டி' என்று ஊகித்துக் கத்திக்கொண்டே பக்கத்தைத் திருப்பும். எதுகை தாளுக்கு வெளியே வேலை செய்யும் இடம் இது. பன்னிரண்டு காட்சியில் மூன்று இடத்தில் செய்தால் போதும், எல்லாப் பக்கத்திலும் செய்தால் சலிக்கும்.

வண்ணாரப்பேட்டை வாசகி: கூண்டில் பச்சைக்கிளியும் அதோடு பேசும் பாட்டியும். இந்தக் கதை எப்படி?

வேண்டாம். நம் ஊர்ப் பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். பிள்ளைகள் புத்தகத்தில் கூண்டுக்கிளி சிரித்துக்கொண்டிருந்தால், அப்படி வளர்ப்பது சரி என்றுதான் அவர்கள் மனதில் பதியும். நட்சத்திர ஆமைக்கும் இதே பதில். பாட்டி மொட்டை மாடிச் சுவரில் ஒரு கை நெல் போடட்டும், கிளி தானாக வந்து தின்றுவிட்டுப் பறக்கட்டும். 'இன்றைக்கு வருமா?' என்ற எதிர்பார்ப்பு பக்கத்துக்குப் பக்கம் கதையை இழுக்கும். கூண்டுக்கதையில் அது கிடைக்காது. வீட்டுக்குள்தான் பறவை வேண்டுமென்றால் லவ் பேர்ட்ஸ் வையுங்கள். அதற்கும் கிளி போலவே முன்னே இரண்டு, பின்னே இரண்டு விரல்.

கொளத்தூர் வாசகர்: கண்ணாடிக் கிண்ணத்தில் தங்க மீன், பக்கத்தில் பால் குடிக்கும் பூனை. அட்டைப்படம் இப்படி யோசித்திருக்கிறோம்.

வண்ணமீன் கடைகள் நிறைந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும். உருண்டைக் கிண்ணத்தில் காற்றுபடும் நீர்ப்பரப்பு குறைவு, கழிவு சேரும் வேகமோ அதிகம். தங்க மீன் நிறையக் கழிவு விடும், நன்றாக வளரும். நீள்சதுரத் தொட்டியும் ஒரு ஃபில்டரும் வரையுங்கள். குமிழி வரைய ஓவியருக்கும் ஆசையாக இருக்கும். பால்குடி மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வயிறு கெடும். பூனையைப் பால் பானைக்குள் தள்ளுவது பூனை–பானை என்ற எதுகை ஆசைதான். பூனைக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் படமும் கெடாது, பூனையும் பிழைக்கும்.

திருவொற்றியூர் ஓவியர்: எங்கள் தெரு குறுகல், குழாயடியில் குடங்கள், மேலே கேபிள் வயர். படம் அழகாக இருக்கப் புல்தரையும் பங்களாவும் வரையட்டுமா?

தயவுசெய்து உங்கள் தெருவையே வரையுங்கள். புல்தரையில் நாய் ஓடுகிற புத்தகங்கள் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் தெருப் பிள்ளை தன் தெருவைத் தாளில் பார்த்திருக்காது. வரிசையில் நிற்கும் மஞ்சள், பச்சை, நீலப் பிளாஸ்டிக் குடங்களைவிடப் படப்புத்தகத்துக்கு நல்ல வண்ணம் எங்கே கிடைக்கும்? நீல டிரம்மின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் நாய் படுத்திருக்கும். வெயில் நகர நகர அதுவும் நகரும். மீன்பாடி வண்டிக்கு அடியில் தூக்கம், கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் கால்களுக்கு நடுவே ஒரு மூக்கு, காயும் வலைமேல் பூனை. இவை நேரில் பார்த்த கைக்குத்தான் வரும்.

வரையத் தொடங்கும் முன் ஒரு மாதிரித்தாள் தயார் செய்யுங்கள். நாயை முன்னிருந்து, பக்கவாட்டில், பின்னிருந்து, படுத்த நிலையில், ஓடும் நிலையில் என ஐந்து கோணம். புள்ளி எந்தக் காதில், எந்தக் காலில் வெள்ளை, தலை பாப்பாவின் முழங்காலுக்கா இடுப்புக்கா என்று எழுதி மேசைமுன் ஒட்டுங்கள். அதிகம் நடக்கும் தவறு: கணினியில் படத்தை இடம் வலமாகத் திருப்பும்போது இடக்காதுப் புள்ளி வலக்காதுக்குப் போய்விடும். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள், நாலு வயசு கண்டுபிடித்துவிடும். தெருவிலிருந்து வந்த நாய் என்றால், கருத்தடை செய்ததன் அடையாளமாகக் காதில் சின்ன வெட்டு இருக்கலாம். அதையும் வரையுங்கள்.

சில படங்களை எவ்வளவு அழகாக வந்தாலும் எடுத்துவிட வேண்டும்: சாப்பிடும் நாயைப் பிள்ளை தொடுவது, தூங்கும் நாயைக் கட்டிப்பிடிப்பது, வாலைப் பிடித்து இழுப்பது, தெரியாத நாயின் முகத்தருகே முகம் வைப்பது. படத்தில் பார்த்ததைப் பிள்ளை மறுநாள் தெருவில் செய்து பார்க்கும். நாய் சாப்பிடும் காட்சியில் பாப்பா இரண்டடி தள்ளிக் குந்தியிருந்தால் போதும். பாசம் அதிலும் தெரியும்.

ராயபுரம் வாசகி: கணினியில் சரியாகத் தெரிந்த எழுத்து, அச்சு மாதிரியில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறியது. ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம். நீங்கள் யூனிகோடில் தட்டியதை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருப்பார்கள். கொ, கோ, கௌ மூன்றும் முதலில் உடைவது அப்போதுதான். அல்லது பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருப்பார்கள். எழுத்துகளைக் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றி, பிடிஎஃப்பாகக் கொடுத்தால் அச்சகத்தில் மாறாது. மாற்றும் முன் திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தளவு 18 முதல் 24 பாயிண்ட். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் இருப்பதால் வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடம் கொடுங்கள். கறுப்புப் படத்தின்மேல் வெள்ளை எழுத்து வேண்டாம். வண்ணப் படம் அச்சாகும் நாலு மையும் ஒரு மயிரிழை விலகினால் மெய்யெழுத்தின் புள்ளி அடைந்துவிடும், 'பட்டு' 'படடு' ஆகும். அப்போதுதான் எழுத்து கற்கும் பிள்ளைக்கு அது பெரிய குழப்பம்.

எழுத்து தனிக் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். படத்துக்குள் ஓவியர் கையால் எழுதிவிடவும் கூடாது. அச்சில் ஒவ்வொரு மைக்கும் ஒரு தகடு; தட்டுப்பிழை தெரிந்தால் அந்தப் பகுதியின் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். நாளை தெலுங்கிலோ உருதுவிலோ கொண்டுவர நினைத்தாலும் மற்ற மூன்று வண்ணத் தகடும் அப்படியே பயன்படும். உங்கள் பக்கத்துத் தெருவிலேயே அதைப் படிக்கும் வீடுகள் உண்டே. ஆனால் பாட்டை மொழிபெயர்க்காமல் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் படத்தைக் கொடுத்துப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். எதுகை எல்லை தாண்டாது.

மண்ணடி வாசகர்: ஆண்டர்சன் தெருவில் தாள் விசாரித்தேன், தலை சுற்றுகிறது. எதை வாங்குவது? டிஜிட்டலா ஆஃப்செட்டா?

உள்பக்கத்துக்கு 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேட் ஆர்ட் தாள். பளபளப்பு ஆர்ட் தாள் ட்யூப்லைட்டைத் திருப்பி அடிக்கும். ராத்திரி படுக்கையில் படிக்கும் புத்தகம், அதனால் கடையிலேயே விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். பூச்சு இல்லாத மேப்லித்தோ தாள் 120 கைக்கு இதமாக இருக்கும். மையைக் குடித்துவிடுவதால் நிறம் ஒரு படி மங்கும். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் புத்தகம் விரிந்து படுக்காது, அட்டை மடிப்பில் வெடிக்கும். மடிக்கும் முன் கிரீசிங் (மடிப்புத் தடம்) போடச் சொல்லுங்கள்.

சில நூறு படி என்றால் டிஜிட்டல். 500-ஐத் தாண்டினால், தகடு செய்து அச்சிடும் ஆஃப்செட்டின் விலை கேளுங்கள். 24 பக்கத்துக்கு 16 பக்கப் பாரத்துக்கு (ஒரு முழுத் தாள்) இரு பக்கமும் சேர்த்து 8 தகடு, அரைப் பாரத்துக்கு 4, அட்டைக்கு 4, ஆக 16 தகடு. படி கூடக் கூட இந்தச் செலவு பிரிந்துவிடும்.

படத்தைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெட்டும்போது வெள்ளைக் கோடு விழும். நடுப்பக்கங்கள் வெளியே பிதுங்கி வெட்டுப்படும் என்பதால் எழுத்து ஓரத்திலிருந்து 12 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். கணினித் திரையில் கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை, அச்சு மையில் வராது. முன்பே சிஎம்ஒய்கே-வுக்கு (அச்சின் நாலு மை நிறங்களுக்கு) மாற்றி, அச்சாகப் போகும் அதே தாளில் ஒரு மாதிரி எடுத்துப் பாருங்கள்.

கடற்கரை ஊருக்கு மட்டுமான இரண்டு விஷயம். உப்புக் காற்றில் சாதாரணப் பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை இறங்கும். துருப்பிடிக்காத கம்பி கேளுங்கள், பின் முனை உள்பக்கம் நன்றாக மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டால், உள்பக்கம் ஈரத்தை வாங்கி விரிய, அட்டை சுருண்டு எழும். தடித்த அட்டையில் சுருட்டல் குறையும். கட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, படுக்க வைத்து, மேலே பாரம் வையுங்கள். மூலைகளை உருட்டி வெட்டச் சொல்ல மறக்காதீர்கள்.

எண்ணூர் வாசகர்: ஓவியருடன் வாய்ப்பேச்சு போதுமா? ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச எண்) வாங்கச் செலவு எவ்வளவு?

எழுதிக் கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்வார்கள். மறுபதிப்பு, பிறமொழி, அட்டையில் ஓவியர் பெயர் மூன்றையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். மொழிக்கு ஒரு எண் தனி. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டில்லி நூலகங்கள், சென்னை கன்னிமாரா ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு படி பதிப்பாளர் செலவில் போக வேண்டும். கன்னிமாரா உங்களுக்கு எழும்பூரில்தான்.

புளியந்தோப்பு வாசகி: எல்லாம் முடிந்தது. அச்சுக்குக் கொடுக்கும் முன் சரிபார்க்க வழி?

ஆறு ஏ4 தாளை மடித்து நடுவில் தைத்தால் 24 பக்கம். படத்தைப் பென்சிலில் கிறுக்கி, வரிகளை வெட்டி ஒட்டுங்கள். பாட்டை ஒருமுறைகூடக் கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து, ஒரு பிள்ளைக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் படிக்கக் கூடாது, எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று சொல்லியும் தரக் கூடாது. நீங்கள் படித்தால் குறைகிற தட்டை உங்கள் குரலே இழுத்து நிரப்பிவிடும், பழுது தெரியாது.

பின்னால் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். படிப்பவர் தடுமாறித் திரும்பப் படித்த வரி, தாளம் உடைந்த வரி. பிள்ளை படத்தைவிட்டு வேறு பக்கம் பார்த்த பக்கத்தில், படம் பாட்டையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்தைத் திருப்பப் பிள்ளையின் கை முந்திய இடம் சரியான இடம், அதைத் தொடாதீர்கள். மூன்று வீட்டில் இப்படிச் செய்யுங்கள். மூன்றிலும் ஒரே வரியில் தடுமாறினால், அந்த வரியை எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தாலும் மாற்றிவிட்டு, புதிய வரியோடு நாலாவது வீட்டுக்குப் போங்கள்.